காளான் தின்ற மரமும் தின்னாத மரமும்

கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்த காலை வேளைகளில் நெய்வேலிச் சாலைகளில் மரத்தடியைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். மரக்காளான்கள் புதிதாக வெளிவரும் பருவம் அது. மற்ற மாதங்களில் காய்ந்து கறுத்த தட்டுகளாகப் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடப்பவை, மழைக்குப் பிறகு வெள்ளை விளிம்பும் மஞ்சள் வளையமும் செம்பழுப்பு மினுமினுப்புமாக வளரத் தொடங்கும். அவற்றைப் பார்த்து இனம் பிரிக்கத்தான் நான் நெய்வேலிக்குப் போனேன். மரமும் காளானும் எந்த ஊரில் இல்லை? ஆனால் காளான் தின்றுகொண்டிருக்கும் மரத்தையும், காளானுக்கு அகப்படாமல் தப்பிய மரத்தையும் ஒரே நாளில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தின்னப்படும் மரம் சாலையோரம் நிற்கிறது. தப்பிய மரம் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கிறது. அதைத் தோண்டி எரித்துத்தான் நம் வீட்டு விளக்குகளில் ஒரு பங்கு எரிகிறது.

சென்னையிலிருந்து வரும் வழியில் முந்தைய நாள் திருவக்கரையில் இறங்கியிருந்தேன். விழுப்புரம் மாவட்டத்துக் கல்மரப் பூங்கா பலருக்கும் தெரிந்த இடம்தான். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-லேயே இவற்றைப் பற்றிக் குறித்துவைத்திருக்கிறார். கிளையும் வேரும் இல்லாத வெறும் அடிமரங்களாகக் கிடப்பதால், வெள்ளம் அடித்துக்கொண்டுவந்து மணலில் புதைத்தவை என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிலிக்கா புகுந்து இறுகிவிட்டதால் இழையோட்டம் அப்படியே தெரிகிறது. அரிசோனாவிலும் அண்டார்க்டிகாவிலும் கிடைத்த கல்மரங்களில், காளான் அரித்த சிறு சிறு குழிகள்கூடக் கல்லாகிப் பதிவாகியிருக்கின்றன. அண்டார்க்டிகாவில் காடு இருந்தது, அந்தக் காட்டை அழுகவைக்கும் பூஞ்சையும் இருந்தது என்பதற்கு அந்தக் குழிகளே சாட்சி. அப்படி ஏதாவது தென்படுமா என்று திருவக்கரையில் கட்டை கட்டையாகக் குனிந்து பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. ஆனால் அந்தக் கட்டைகள் கிடக்கும் அதே கடலூர் மணற்பாறைப் படிவம்தான் தெற்கே நெய்வேலி வரைக்கும் பரந்திருக்கிறது என்ற நினைப்போடு பேருந்து ஏறினேன்.

பண்ருட்டி தாண்டியதும் மண் சிவக்கிறது. பலாவுக்குப் பருவமில்லை. சாலையோரக் கடைகளில் முந்திரிப் பருப்புப் பொட்டலங்கள் மட்டும் தொங்கின. இருபுறமும் முந்திரித் தோப்புகள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியலில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல் இந்தத் தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. பல தலைமுறை கண்ட பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. நெய்வேலி நகரியத்திலும் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. இன்று அங்கே நிற்கும் பெரிய மரங்கள் அந்த இரவைத் தாங்கியவை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நெய்வேலி ஆர்ச் கேட்டில் அண்ணன் காத்திருந்தார். முதல் சுரங்கத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஓய்வுக்குப் பின் நகரியக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்டார். காலை நடை மட்டும் இன்னும் பழைய வட்டத்தில்தான். அவருடைய வழக்கமான பாதையில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நிற்கும் ஒரு குல்மொகர் மரத்தைக் காட்டத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்.

"பாருங்க தம்பி. போன மழைக்கு ஒரு தட்டுதான் இருந்துச்சு. இப்ப மூணு வந்திருக்கு. மரம் என்னமோ பூத்துக்கிட்டுத்தான் இருக்கு."

மண்ணை ஒட்டிய வேர்ப்புடைப்பின் மேல் மூன்று காளான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. பெரியது விரித்த கை அகலம். மேற்புறம் வார்னிஷ் பூசியது போல மின்னியது. நடுவில் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றிச் செம்பழுப்பு, பிறகு மஞ்சள், வளரும் விளிம்பில் தூய வெள்ளை. பக்கவாட்டில் குட்டையான தடித்த காம்பு.

மரக்காளானை அடையாளம் காணும்போது முதலில் காளானைப் பார்க்கக் கூடாது என்று எனக்குப் பழக்கியவர்கள் சொல்வார்கள். எந்த மரம், உயிரோடு இருக்கிறதா, காளான் மரத்தின் எந்த இடத்தில் முளைத்திருக்கிறது ஆகிய மூன்றையும் எழுதிய பிறகுதான் காளானைத் தொட வேண்டும். நாம் காளான் என்று சொல்வது வித்துகளை வெளியேற்றும் உறுப்பு மட்டுமே. உண்மையான உயிர் மரத்துக்குள் நூலாம்படைபோன்ற இழைகளாகப் பரவியிருக்கிறது. வெளியே ஒரு தட்டு தெரிகிறது என்றால் உள்ளே பல ஆண்டு வேலை நடந்திருக்கிறது என்று பொருள். எங்கே முளைத்திருக்கிறது என்பது உள்ளே எந்தப் பகுதி கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். இந்தக் குல்மொகரில் அது அடிமரமும் வேரும்.

பிறகு அடிப்புறத்தைப் பார்த்தேன். பொத்தான் காளானின் அடியில் இருப்பது போன்ற செவுள்மடிப்புகள் இங்கே இல்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மிக நுண்ணிய துளைகள் நிறைந்த வெண்ணிறப் பரப்பு. நகத்தால் கீறினால் கீறிய இடம் நொடியில் பழுப்பாகிறது. சுற்றியிருந்த புல், உதிர்ந்த இலை, காளானின் தலை, பக்கத்துச் செங்கல் எல்லாவற்றின் மேலும் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. அடியிலிருந்து உதிரும் வித்துகள் காற்றின் சிறு சுழிப்பில் மேலேறி மீண்டும் காளான் மேலேயே இறங்கும். அந்தத் தூளைக் கொஞ்சம் கண்ணாடித் துண்டில் எடுத்துவைத்தேன். இரவில் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒவ்வொரு வித்தும் முட்டை வடிவில், ஒரு முனை வெட்டிவிட்டது போல மழுங்கி, இரட்டைச் சுவரோடு இருந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறு வித்துகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. அந்த இரட்டைச் சுவரைப் பார்த்துவிட்டால் பேரினத்தில் சந்தேகமில்லை: கானோடெர்மா.

அதற்கு மேல் போவதுதான் கடினம். நம் நாட்டில் மெருகேறிய தலையுள்ள இத்தகைய காளானை எங்கே கண்டாலும் கானோடெர்மா லூசிடம் என்று எழுதிவிடுவது வழக்கம். லூசிடம் என்ற பெயரை வில்லியம் கர்ட்டிஸ் லண்டனுக்கு அருகே வளர்ந்த ஒரு காளானுக்கு 1781-இல் கொடுத்தார். சொன்னெரா திருவக்கரையைக் குறித்த அதே ஆண்டு. ஒரு நூற்றாண்டு கழித்து, 1881-இல், பின்லாந்தின் கார்ஸ்டன் கானோடெர்மா என்ற பேரினத்தை வகுத்தார். வெள்ளைக்காரர் கையிலிருந்த ஐரோப்பியப் பட்டியலோடு ஒப்பிட்டு, தோற்றம் ஒத்ததால் இந்தியக் காளானுக்கும் அதே பெயர் வந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்ஷி 1971-இல் வெளியிட்ட பாலிபோர்கள் எனப்படும் இந்தியத் துளைக்காளான்கள் பற்றிய நூல் இன்றும் இத்துறையில் முதலில் புரட்ட வேண்டிய புத்தகம். அதிலும் அந்தப் பெயர்தான். மரபணுக்களை ஒப்பிடத் தொடங்கிய பிறகுதான் ஐரோப்பாவின் லூசிடம் வேறு, வெப்பமண்டல ஆசியாவில் அந்தப் பெயரில் வழங்கிய பலவும் வேறு என்று தெளிவானது. சீனர்கள் மருந்தாகப் போற்றும் லிங்ஷி காளானுக்கே 2012-இல்தான் கானோடெர்மா லிங்ஷி என்று தனிப்பெயர் கிடைத்தது. ஆகவே என் குறிப்பேட்டில் "கானோடெர்மா, லூசிடம் கூட்டத்தைச் சேர்ந்தது" என்று மட்டும் எழுதினேன். கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டும் எல்லை அதுவரைதான். எல்லையைத் தாண்டி ஒரு பெயரை எழுதிவைப்பது அறிவியல் ஆகாது.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மருந்துக் கடைகளிலும் நேரடி விற்பனைக்காரர்களிடமும் கானோடெர்மா மாத்திரைகளும் காபித்தூளும் கிடைக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, சாலையோர மரத்தில் முளைத்ததை ஒடித்துக்கொண்டுபோய்க் கஷாயம் வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கடையில் விற்பதும் மரத்தில் நிற்பதும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. வாகனப் புகையும் மண்ணிலுள்ள உலோகங்களும் சேர்ந்த மரத்தில் வளர்ந்தது வயிற்றுக்குப் போகத் தக்கது அல்ல.

அண்ணனுக்குப் பேரினத்தின் பெயரே போதுமாயிருந்தது.

"கானோடெர்மாவா? அட, எங்க தென்னைக்கு வர்றதுல்ல அது?"

அதேதான். தஞ்சை வட்டாரத் தென்னை விவசாயிகளுக்கு இந்தப் பூஞ்சையைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1952-இல் அங்கே பெரிதாகக் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வேளாண் துறையினர் அடித்தண்டு அழுகல் என்பார்கள். அடித்தண்டில் பட்டை வெடித்துச் செம்பழுப்புச் சாறு வடியும். மட்டைகள் தொங்கும். குரும்பைகள் உதிரும். தட்டுக்காளான் வெளியே வரும்போது அநேகமாக மரத்தின் கதை முடிந்திருக்கும். மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டிப் பிரிப்பது, ஆண்டுக்கு மரமொன்றுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவது, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தோடு கலந்து வைப்பது, தண்ணீர் வசதி உள்ள தோப்பில் வாழையை ஊடுபயிராக வளர்ப்பது ஆகியவற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அண்ணன் குடும்பத்துத் தோப்பில் இது எல்லாம் நடந்திருக்கிறது. எஞ்சியதையும் 2018-இல் கஜா புயல் கொண்டுபோய்விட்டது.

அங்கிருந்து நடந்தோம். நெய்வேலியின் சாலைகள் அகலமானவை, நேரானவை. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டு மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்த பிறகு, வெயில் காய்ந்த செம்மண் மேட்டில் வரைபடம் போட்டு எழுப்பிய ஊர் இது. மரங்களும் அப்படித் திட்டமிட்டு வைக்கப்பட்டவைதான். வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, குல்மொகர். நட்டவர்கள் பலர் இன்று இல்லை. மரங்கள் முதுமையை எட்டிவிட்டன. மரத்துக்கு முதுமை என்பது பெரும்பாலும் காளானுக்கு வாசல் திறக்கும் காலம்தான். மின்கம்பிக்காகக் கிளையை முறித்த காயம், சாலை போடும்போது அறுபட்ட வேர், அடிமரம்வரை பூசிய தார், சுற்றிலும் மூச்சுவிட இடமில்லாமல் கொட்டிய கான்கிரீட், விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, எல்லாம் வாசல்தான். தமிழகத்தின் எந்த ஊரிலும் இவற்றைப் பார்க்கலாம். காளானைக் குறை சொல்லும் முன் நாம் நம் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிப் போட்ட ஒரு பெருங்கொன்றைத் துண்டின் மேல் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய தட்டுகள் வரிசையாக இருந்தன. வெயில் படும் காய்ந்த கட்டையில் இந்த நிறத்தில் வந்தால் பைக்னோபோரஸ். அதன் பக்கத்திலேயே சாம்பல் நிற மயிரடர்ந்த சின்னஞ்சிறு விசிறிகள். புரட்டினால் துளை இல்லை, நடுவில் பிளந்த மடிப்புகள். ஸ்கைசோஃபில்லம். உலகம் முழுவதும் கிடைக்கும் இதை மணிப்பூரில் காங்லாயென் என்று சொல்லிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இன்னொரு காய்ந்த கிளையில், கண்ணால் எண்ணக்கூடிய அளவு பெரிய அறுகோணக் கண்களோடு ஹெக்ஸகோனியா. இவை செத்த மரத்தில் பிழைப்பவை. உயிருள்ள மரத்தில் ஒரு காய்ந்த கிளையில் தென்பட்டால் அந்தக் கிளையைச் சுத்தமாக எடுத்துவிட்டால் போதும். மரத்தையே வெட்ட ஆள் அனுப்புவது அநியாயம்.

பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றில், ஆள் உயரத்துக்கும் மேலே, பழைய கிளை முறிந்த தழும்புக்குக் கீழே, குளம்பு வடிவில் கறுத்து வெடித்த ஒன்று இருந்தது. மினுமினுப்பு இல்லை, தூள் இல்லை. ஏணி வைத்து ஒரு சில்லு பெயர்த்ததும் உள்ளே முழுக்கத் துருநிறம். துளைக் குழாய்கள் ஆண்டுக்கு ஓர் அடுக்காக ஒன்றின்கீழ் ஒன்று படிந்திருந்தன. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டேன். உடனே கறுத்தது. பெல்லினஸும் அதன் உறவினங்களும் இப்படிக் கறுக்கும். கானோடெர்மாவின் பழுப்புச் சதையும் ஓரளவு கறுக்கும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது. அடுக்கு, துருநிறம், மெருகின்மை, இடம் எல்லாம் சேர்ந்து சொன்னதால் பெல்லினஸ் கூட்டம் என்று எழுதினேன். வேல மர இனங்களின் வைரத்தை உள்ளிருந்தே கரைப்பதில் பேர்போன கூட்டம் இது.

இங்கேதான் அடையாளம் காண்பதன் பயன் தெரிகிறது. வைரம் என்பது மரத்தின் நடுவிலுள்ள, வேலை முடிந்த கட்டை. தண்ணீர் ஏறுவதும் உணவு இறங்குவதும் வெளி அடுக்குகளில். நடுவைரம் கரைந்து பொந்தான மரமும் பல பத்தாண்டுகள் தழைத்து நிற்கும். உள்ளீடற்ற குழாயும் எடை தாங்கும் என்பது பொறியாளர்கள் அறிந்ததுதான். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் ஆயிரக்கணக்கான மரங்களை ஆராய்ந்து, வெளிச்சுவர் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது உறுதியாக இருந்தால் மரம் நிற்கும் என்று ஒரு விதி சொன்னார். அதன்மேல் விவாதம் உண்டு. ஆனாலும் பொந்து என்றதும் கோடாரி என்ற பழக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். அந்தத் தூங்குமூஞ்சியின் தழும்புக்கு மேலே ஒரு பொந்தில் பச்சைக்கிளிகள் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தன. காளான் குடைந்து இளக்காத மரத்தில் கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் வீடு கிடைப்பது அரிது.

குல்மொகரின் நிலைமை வேறு. அங்கே அழுகல் வேரிலும் அடியிலும். மேலே பச்சை இலை, பூ, எல்லாம் இருக்கும். கீழே மண்ணைப் பிடிக்கும் வேர்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருக்கும். தானே மாதிரி ஒரு புயல்கூட வேண்டாம், நனைந்த மண்ணும் ஒரு பலத்த காற்றும் போதும். அதன் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் அனுமதி பெற்றுச் சுரங்கத்தின் விளிம்புக்குப் போனோம். எத்தனை படம் பார்த்திருந்தாலும் நேரில் அந்தப் பள்ளம் பேச்சை நிறுத்திவிடுகிறது. படிப்படியாக இறங்கும் செம்மண், வெண்மண், களிமண் அடுக்குகள். 50 மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்றிய பிறகு அடியில் கறுப்புப் படுகை. ஜெர்மனியிலிருந்து வந்த வடிவமைப்பில், சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் அதைச் சுரண்டுகின்றன. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஊற்றுக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரும்பொடி வந்ததில் தொடங்கிய கதை இது. 1961-இல் படுகை முதன்முதலாக வெளிச்சம் கண்டது. மறு ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தில் மின் உற்பத்தி தொடங்கியது. 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்த நிலையம் 2020-இல் ஓய்ந்துவிட்டது. பள்ளம் விரிந்த திசையிலெல்லாம் ஊர்களும் வயல்களும் இடம் விட்டிருக்கின்றன. அந்த இழப்பை நினைக்காமல் அந்த விளிம்பில் நிற்க என்னால் முடியவில்லை.

அண்ணன் வீட்டு அலமாரியில் ஒரு நிலக்கரித் துண்டு வைத்திருக்கிறார். தோண்டி எடுத்தபோது பாதி எடை ஈரமாக இருந்திருக்கும். காய்ந்து வெடித்து இப்போது உதிர்கிறது. அதில் மர இழை தெளிவாகத் தெரிகிறது. விரலால் தடவினால் கட்டையைத் தடவுவது போலவே இருக்கிறது.

இந்தக் கட்டை ஏன் அழுகவில்லை? சாலையோரக் குல்மொகர் நிற்கும்போதே அழுகுகிறது. இது கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் மரமாகவே இருக்கிறது.

மரத்தை மரமாக்குவது செல்லுலோஸும் அதைப் பிணைத்து விறைப்பாக்கும் லிக்னினும். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை லிக்னின்தான். செல்லுலோஸைத் தின்னும் உயிர்கள் பல. லிக்னினை முழுமையாக உடைப்பவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள் மட்டுமே என்று சொல்லிவிடலாம். கானோடெர்மாவும் பெல்லினஸும் இந்த வகை. இவை தின்ற கட்டை வெளிறி, நார்நாராக, பஞ்சு போல ஆகும். லிக்னினை விட்டுவிட்டுச் செல்லுலோஸை மட்டும் தின்னும் பழுப்பு அழுகல் பூஞ்சைகளும் உண்டு. அவை தின்ற கட்டை பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடிக்கும். அந்த வகை பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களில் மிகுதி. நம் சமவெளியில் அத்தகைய மரங்கள் அநேகமாக இல்லை. கடலூர்க் கரையெங்கும் நிற்கும் சவுக்கு ஊசியிலை மரம் மாதிரி தோன்றினாலும் அது பூக்கும் மர இனம்தான். ஆகவே நெய்வேலியில் கையில் எடுத்த உளுத்த கட்டைகளில் பெரும்பாலானவை வெள்ளையாகவே இருந்தன.

வெள்ளை அழுகல் பூஞ்சை லிக்னினை உடைக்கப் பயன்படுத்தும் பெராக்சிடேஸ் என்ற நொதி 1983-இல்தான் கண்டறியப்பட்டது. அந்த வேதிவினைக்கு ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய சதுப்பில் விழுந்து மூழ்கிய மரத்துக்குக் காற்று எட்டாது. காற்று இல்லாத இடத்தில் மரக்காளானால் வேலை செய்ய முடியாது. நெய்வேலி அன்று அப்படிப்பட்ட ஈரக்காட்டுச் சதுப்பு. 1960-களில் சி. ஜி. கே. ராமானுஜம் இந்த நிலக்கரியைக் கரைத்து அதிலிருந்த மகரந்தத்தூள்களை நுண்ணோக்கியில் படித்து, அங்கு என்னென்ன மரங்கள் இருந்தன என்று எழுதினார். 1982-இல் அவரும் சக ஆய்வாளர்களும் நெய்வேலி நிலக்கரியில் கிடைத்த பூஞ்சைப் புதைபடிவங்களை விவரித்தார்கள். இலைமேல் ஒட்டி வளரும் நுண்பூஞ்சைகள் அவற்றில் முக்கியமானவை. இத்தகையவை மழையும் ஈரமும் மிகுந்த காட்டில்தான் செழிக்கும். பூஞ்சை அந்தக் காட்டிலும் இருந்தது. நீருக்குள் போன கட்டையைத்தான் அதனால் தொட முடியவில்லை.

உலகின் பெரும் நிலக்கரிப் படுகைகள் உருவான கார்பனிஃபெரஸ் காலம் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏன் முடிந்தது என்பதற்கு ஒரு கவர்ச்சியான விடை 2012-இல் சயன்ஸ் இதழில் வந்தது. பல பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், லிக்னினை உடைக்கும் ஆற்றல் அந்தக் காலத்தை ஒட்டித்தான் தோன்றியது என்று கணித்தார்கள். அதற்குமுன் மரத்தைத் தின்ன ஆள் இல்லை, அதனால் குவிந்தது, நிலக்கரியானது என்று பலரும் அதை எடுத்துச் சொன்னார்கள். 2016-இல் இன்னொரு குழு இதை மறுத்தது: சதுப்பும் தாழும் நிலப்பகுதியும் மழையும் இருந்ததே காரணம், காளான் இல்லாதது அல்ல என்றது. நான் இரண்டாம் கட்சி. எனக்கு ஆதாரம் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வெள்ளை அழுகல் பூஞ்சைகள் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் கழிந்த பிறகு உருவான நிலக்கரி இது. காளான் இருந்தும் குவிந்திருக்கிறது என்றால் தண்ணீர்தான் காவல் காத்திருக்கிறது.

அந்தக் காவல் இன்றும் முற்றாகப் போகவில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். தண்ணீரை விலக்கி, காற்றைக் காட்டி, உலையில் போட்டால் அத்தனை காலம் தப்பியிருந்த கரி நொடிகளில் கரியமில வாயுவாகப் புகைபோக்கியில் ஏறுகிறது. குல்மொகரில் காளான் செய்வதும் முடிவில் அதே கரியை அதே வாயுவாக்கும் வேலைதான். ஆனால் ஒரு மரத்துக்கு அது பல ஆண்டு எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பக்கத்தில் முளைக்கும் கன்றுகள் அந்த வாயுவை மீண்டும் மரமாக்க நேரம் கிடைக்கிறது. மரக்காளான் இல்லாத காடு செத்த கட்டைகளின் கிடங்காகிவிடும். அதனால் காளானை ஒழிக்க வழி கேட்பவர்களிடம் நான் எப்போதும் எந்தக் காளான், எந்த மரம், எந்த இடம் என்றே திருப்பிக் கேட்கிறேன்.

மாலையில் அண்ணி கொடுத்த காபியோடு மனு எழுத உட்கார்ந்தோம். குல்மொகர் நிற்கும் இடம், காளான் முளைத்த பக்கம், மரம் சாயும் திசை, கீழே பேருந்து நிறுத்தம் இருப்பது எல்லாம் எழுதினேன். அடிமரத்தையும் வேரையும் உடனே சோதிக்க வேண்டும், பிடிப்பு போயிருந்தால் அடுத்த காற்றுக்கு முன் அகற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"வெட்டிட்டு அதே குழியில வேற கன்னு வச்சிரலாமா தம்பி?"

"உடனே வேண்டாம்ணே. கட்டைய அப்படியே விட்டா அதுக்குள்ள பூஞ்சை பல வருசம் உயிரோட இருக்கும். புதுக் கன்னோட வேர் அதத் தொட்டா அதுக்கும் போயிரும். வேர்க்கட்டைய முழுசாத் தோண்டி எடுத்துட்டு, கொஞ்சம் தள்ளி வேற குழி வெட்டி வைக்கச் சொல்லலாம்."

அதையும் சேர்த்து எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் அண்ணன் ஒருமுறை முழுதும் படித்துவிட்டுப் பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அந்தத் தூங்குமூஞ்சியப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க. மரம் வெட்ட ஆள் வந்தா காளான் இருக்கிறதப் பார்த்துட்டு அதையும் சேர்த்து வெட்டிருவாங்க. அது வேற காளான், அளந்து பார்க்காம தொடக் கூடாதுன்னு போடுங்க. கிளி இருக்குன்னும் போடுங்க."